தெரிந்தவர் சொல்ல வேண்டுமா?

கொலம்பியா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? முக்கால்வாசிப் பேர் கொக்கெய்ன் என்பீர்கள். பாட்டுக் கேட்கிறவர்கள் ஷகிரா என்பார்கள். புத்தகம் படிக்கிறவர்கள் மார்க்வெஸ். மற்றவர்களுக்குக் காபி.

எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு டாக்டர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். ஃபிரான்சிஸ்கோ லோபேரா. மூளை நரம்பியல் நிபுணர். 2024 செப்டம்பரில், 73-வது வயதில் மெடலின் நகரத்தில் காலமானார். ஏறக்குறைய நாற்பது வருஷம் ஒரே ஒரு வியாதியின் பின்னால் அலைந்தவர். அல்ஸைமர். அதையும் ஊர் உலகமெல்லாம் தேடவில்லை. தன் சொந்த மாகாணமான ஆன்டியோக்கியாவின் மலை கிராமங்களில், ஒன்றுக்கொன்று உறவான சில குடும்பங்களில் தேடினார். அல்ஸைமர் ஆராய்ச்சியில் இருப்பவர்களில் அந்தக் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இன்றைக்கு இருக்க முடியாது.

அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய மனசு பற்றியும் இல்லை. ஆனால் அந்த வாழ்க்கைக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி தானாக வந்து நிற்கும்.

1980-களில், லோபேரா மெடலினில் நரம்பியல் மேல்படிப்பில் இருந்த சமயம். பெல்மிரா என்ற மலையூரிலிருந்து ஒரு விவசாயியை அழைத்து வந்தார்கள். ஞாபகம் போய்விட்டது. இது என்ன பிரமாதம், வயசானால் வருவதுதானே என்று கேட்பீர்கள். அந்த மனிதருக்கு 47 வயசு.

அப்பா எப்படி இருந்தார் என்று லோபேரா விசாரித்தார். அப்பாவுக்கும் இதேதான். தாத்தா? அவருக்கும். கூடப் பிறந்தவர்களில்? அங்கேயும் சிலர். வேறு டாக்டராக இருந்தால் 'பாவம், பரம்பரை' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். இவர் அந்த ஊருக்கே கிளம்பிப் போனார்.

போனால், அந்தப் பக்கத்தில் அந்த வியாதிக்குப் பெயரே இருந்தது. 'லா போபேரா'. நம் பாஷையில் அசட்டுத்தனம், மந்தம் என்று சொல்லலாம். 'அந்தக் குடும்பமா? அவங்களுக்கு நாற்பத்தஞ்சு வயசானா போபேரா வந்துடும்' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிற அளவுக்குப் பழகிப்போன விஷயம். காரணமும் தயாராக வைத்திருந்தார்கள். ஏதோ ஒரு மரத்தைத் தொட்டதால் வந்தது என்பார் ஒருவர். எந்தக் காலத்திலோ ஒரு பாதிரியார் விட்ட சாபம் என்பார் இன்னொருவர்.

லோபேராவும் லூசியா மாட்ரிகல் என்ற நர்ஸும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கம்ப்யூட்டரும் கிடையாது, பணமும் கிடையாது. ஊர் ஊராகப் போய்ச் சர்ச்சுகளில் இருந்த ஞானஸ்நான, கல்யாண, சாவுப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். யாருக்கு யார் மகன், யார் யாரைக் கட்டினார், யார் எந்த வயசில் 'புத்தி பேதலித்து' இறந்தார் என்று வம்சாவளி எழுதினார்கள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சாதாரணமாகப் பிறக்கிற வீடுகள். தாள் போதாமல் ஒட்டி ஒட்டி நீளும். தனித்தனி என்று நினைத்த குடும்பங்களின் கிளைகள் 18-ம் நூற்றாண்டுப் பக்கம் போய் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. 1987-ல் முதல் கட்டுரை வந்தது. ஸ்பானிஷ் மொழியில், உள்ளூர் மருத்துவ இதழில். வெளியுலகம் ஒன்றும் திரும்பிப் பார்த்துவிடவில்லை.

அது எந்தக் காலம் என்று நினைத்துப் பாருங்கள். மெடலின் நகரத்தில் எஸ்கோபார் ராஜ்யம். 1993 டிசம்பரில் அவனைச் சுட்டுக் கொல்லும் வரை குண்டு வெடிக்காத வாரம் அபூர்வம். மலைக்குப் போனால் ஒரு பக்கம் கொரில்லாக்கள், மறுபக்கம் அவர்களை வேட்டையாடும் கூலிப்படைகள். சில ஊர்களுக்கு வருஷக் கணக்கில் போகவே முடியவில்லை. மாட்ரிகலைக் கொரில்லாக்கள் கடத்திக்கொண்டு போய்ச் சில நாள் வைத்திருந்து அனுப்பியதும் நடந்தது. நான் காமர்ஸ் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். சயன்ஸ் என்றால் வெள்ளைக் கோட்டும் ஏ.சி. ரூமும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் மட்டும் வாங்கவில்லை. மூளையும் கேட்டார்கள். ஆள் இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் ஆராய்ச்சிக்குப் பிரயோஜனம். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது போய், 'மூளையைத் தருவீர்களா?' என்று கேட்க வேண்டும். கேட்டார்கள். கொடுத்தார்கள். மெடலினில் இன்றைக்கு நூற்றுக்கணக்கான மூளைகள் சேர்ந்த ஒரு வங்கி இருக்கிறது. நான் படித்த பாங்கிங் பாடத்தில் இந்த மாதிரி டெபாசிட் பற்றி ஒன்றும் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் கென் கோசிக் என்ற அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் சொற்பொழிவுக்காகக் கொலம்பியா வந்தார். லோபேரா அவரைப் பிடித்துத் தன் வம்சாவளியைப் பற்றிச் சொன்னார். அப்புறம் வேகம் பிடித்தது. 1995-ல் பிசகு எங்கே என்று தெரிந்துவிட்டது. 14-வது குரோமோசோமில், ப்ரெசெனிலின்-1 என்ற ஜீனில்.

கொஞ்சம் விளக்குகிறேன், பயப்படாதீர்கள். மூளைச் செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தை உடம்பு அவ்வப்போது நறுக்கிவிடுகிறது. நறுக்குகிற கத்திரியின் ஒரு பாகம்தான் ப்ரெசெனிலின். இந்தக் குடும்பங்களில் அந்தக் கத்திரியின் 280-வது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் பிசகு. கத்திரி கோணலாக வெட்டுகிறது. அமிலாய்டு என்கிற பிசுபிசுத் துண்டுகள் மூளையில் அதிகமாகப் படிகின்றன. 2012-ல் ஸ்கேன் செய்து பார்த்ததில் 28 வயசு வாக்கிலேயே படிய ஆரம்பித்துவிடுவது தெரிந்தது. அந்த வயசில் ஆளைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. வேலைக்குப் போவார், கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளை பெறுவார். சராசரியாக 44-ல் ஞாபகம் தடுமாறும். 49-ல் முழு மறதி. 60-ஐத் தொடுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இதற்கு 'பைசா மியூட்டேஷன்' என்று பெயர். நம் காசு பைசா இல்லை. ஆன்டியோக்கியாக்காரர்களை அந்த நாட்டில் பைசா என்றுதான் சொல்வார்கள்.

அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இந்த ஜீன் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. பூவா தலையா. இந்த வம்சத்தில் சுமார் 6,000 பேர். ஜீன் உள்ளவர்கள் சுமார் 1,200 பேர் என்று கணக்கு. ஒரு குறிப்பிட்ட ஜீனால் வரும் அல்ஸைமர் இவ்வளவு பேருக்கு இருக்கும் குடும்பம் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.

கேள்வி வந்து நின்றுவிட்டது, பார்த்தீர்களா?

1995-க்குப் பிறகு ஒரு ரத்தப் பரிசோதனை போதும். யாருக்கு வரும், யாருக்கு வராது என்று சொல்லிவிடலாம். ரத்தமோ லோபேராவின் ஆய்வகத்தில் இருக்கிறது. ஒருவரைப் பரிசோதிக்கும் டாக்டருக்கும் மனோதத்துவ நிபுணருக்கும் அவர் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது என்பது ஆய்வின் விதி. அப்போதுதான் பாரபட்சம் வராது. ஆக, தனிப்பட்ட முறையில் லோபேரா அந்தப் பட்டியலைப் பார்த்தாரா இல்லையா என்பது வேறு விஷயம். பதில் அவருடைய கட்டடத்துக்குள் இருந்தது. அந்த ஆட்களிடம் சொல்வதில்லை என்பது கொள்கை.

வருஷக் கணக்கில் வந்து போகிறார்கள். ஊசி குத்திக்கொள்கிறார்கள், படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் பதில் சொல்கிறார்கள், ஸ்கேன் குழாய்க்குள் படுத்துக்கொள்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காகிதத்தில் தன் ஆயுள் ரேகை எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

லோபேரா தரப்பு நியாயம் லேசானது இல்லை. மருந்து கிடையாது. சொல்லி என்ன செய்ய? உட்கார வைத்து மெதுவாக எடுத்துச் சொல்லி, பிறகும் கூடவே இருந்து தாங்கிப் பிடிக்க ஆட்கள் வேண்டும். 6,000 பேருக்கு அப்படி ஏற்பாடு செய்ய அங்கே வசதி இல்லை. 25 வயசுப் பையனிடம் 'உனக்கு இன்னும் இருபது வருஷம்' என்று சொல்லி பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, அவன் விபரீதமாக ஏதாவது செய்துகொண்டால்? ஊருக்குத் தெரிந்தால் பெண் கொடுப்பார்களா, வேலை கொடுப்பார்களா? எல்லாம் நிஜமான பயங்கள்.

தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பது ஒன்றும் படிக்காதவர்களின் பலவீனமும் இல்லை. டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்ஸனின் முழு ஜீன் வரைபடத்தை 2007-ல் அவரிடம் கொடுத்தார்கள். உலகத்துக்கே பகிரங்கமாக வைத்தார்கள். எல்லாவற்றையும் காட்டுங்கள், ஒரே ஒரு ஜீனை மட்டும் மறைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார் மனிதர். எது? அல்ஸைமர் ஆபத்தைச் சொல்லும் அப்போ-ஈ. அவருடைய பாட்டிக்கு அந்த வியாதி இருந்தது. இதில் வேடிக்கை, அந்த ஜீனை மட்டும் மறைத்தால் போதாது, பக்கத்து எழுத்துகளைப் பார்த்தே ஊகித்துவிடலாம் என்று வேறு சிலர் சுட்டிக்காட்ட, அக்கம்பக்கத்தையும் சேர்த்து அழிக்க வேண்டியதாயிற்று. டி.என்.ஏ.வையே திறந்து காட்டிய மனிதர், தன்னுடையதில் ஒரு பக்கத்தை ஒட்டி வைத்துக்கொண்டார்.

நான்ஸி வெக்ஸ்லர் கதை இன்னும் கனமானது. அம்மாவுக்கு ஹன்டிங்டன் நோய். இதுவும் பூவா தலையா கேஸ்தான். வெனிசுவேலாவில் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களிடம் ரத்தம் சேகரித்து, அந்த ஜீனைத் தேடியவர்களில் முக்கியமானவர் வெக்ஸ்லர். 1983-ல் தடயம் கிடைத்தது, 1993-ல் ஜீனே கிடைத்தது. சோதனை வந்துவிட்டது. தன்னைப் பற்றிய பதிலை மட்டும் அவர் ஊருக்குச் சொல்லவில்லை. 2020-ல்தான், தனக்கும் அந்த நோய் வந்துவிட்டது என்று வெளிப்படையாகப் பேசினார். ஹன்டிங்டன் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் அந்தச் சோதனைக்குப் போவதே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாட்ஸன் தானே வேண்டாம் என்றார். வெக்ஸ்லர் தன் ரகசியத்தைத் தானே வைத்துக்கொண்டார். ஆன்டியோக்கியாவில் அந்த முடிவை எடுத்தது யார்?

கணக்குப் பாடத்தில் 'கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். கோர்ட்டில் ஒரு வழக்கு நடக்கிறது, தோற்றால் பத்து லட்சம் கட்ட வேண்டும் என்கிற மாதிரி. அதை பாலன்ஸ் ஷீட்டில் ஏற்ற மாட்டார்கள். ஆனால் கீழே குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். ஏன்? பணம் போட்டவனுக்குத் தெரிய வேண்டும். அவன் அதை வைத்துத்தான் அடுத்த காரியத்தை முடிவு செய்வான். ஐயோ பாவம், வருத்தப்படுவானே என்று ஆடிட்டர் மறைத்தால் நாம் அதைக் கருணை என்று சொல்வதில்லை. வேறு பெயர் சொல்வோம்.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காரணம், நானும் மறைத்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு ரிப்போர்ட், அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில், பத்து மாதம் கிடந்தது. யாருடையது என்று சொல்லப்போவதில்லை. ஒளித்து வைத்தது நான். அவர் இரண்டு தடவை கேட்டார். 'ஒண்ணுமில்ல, அல்சர்னு சொல்றாங்க' என்றேன். அந்தச் சமயத்தில் அவர் ஒரு நிலத்தை விற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். விற்றுப் பெண் பேருக்குப் பணமாகப் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. அப்புறம், இப்போது என்ன அவசரம், விலை ஏறட்டும் என்று விட்டுவிட்டார். அவசரம் என்னவென்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த நிலம் இன்னும் பங்காளி வழக்கில் இருக்கிறது.

அதனால்தான் ஆன்டியோக்கியாவில் என்னை உறுத்துவது வியாதி வந்தவர்களின் விஷயம் இல்லை. பிள்ளை பெறப்போகிறவர்களின் விஷயம். அம்மாவுக்கு 48 வயசு, டயபர் மாற்றுகிற நிலைமை. மாற்றுகிற மகளுக்கு 24 வயசு, அடுத்த வருஷம் கல்யாணம். தெரியாமல் இருப்பது அவள் உரிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எனக்குப் பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும், அதற்காகச் சொல்லுங்கள்' என்று அவள் கேட்டால்? மருந்து இல்லை, அதனால் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்ற வாதம் அந்த இடத்தில் நிற்காது. அவள் கேட்பது மருந்தை இல்லை. ஜெனி எரின் ஸ்மித் என்ற பத்திரிகையாளர் பல வருஷம் இந்தக் குடும்பங்களோடு பழகி, 2025-ல் 'வேலி ஆஃப் ஃபர்கெட்டிங்' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தெரிந்துகொள்ள வேண்டும் என்று தவிக்கிற இளசுகள் அதில் வருகிறார்கள். பழைய தலைமுறை ஒப்புக்கொண்ட மௌனத்தைப் புதிய தலைமுறை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை.

கேட்டவருக்குச் சொல்லிவிடு, கேட்காதவரிடம் வாயைத் திறக்காதே. முடிந்தது வேலை என்று நான் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் இன்னொரு சிக்கல் புலப்பட்டது. ஒரு பேரன் வந்து கேட்கிறான். தாத்தாவுக்கு வியாதி இருந்தது. அம்மாவுக்கு 40 வயசு, இன்னும் ஒன்றுமில்லை, 'எனக்குத் தெரியவே வேண்டாம்' என்று இருக்கிறாள். பேரனுக்குச் சோதனை செய்தால், இருக்கிறது. சொல்கிறீர்கள். அவனுக்கு எங்கிருந்து வந்திருக்கும்? அம்மா வழியாகத்தான். ஒருவருக்குச் சொன்னதில் இருவருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி கேட்கவே இல்லை. ரத்தத்தில் எழுதியிருப்பது தனிச் சொத்து இல்லை சார், கூட்டுப் பட்டா. ஒரு பங்காளி அளந்தால் அடுத்தவன் எல்லையும் தெரிந்துவிடும்.

இதையும் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்று.

இந்த வம்சத்தில் ஒரு பெண்மணி. பைசா ஜீன் இருந்தது. கணக்குப்படி 44-ல் ஆரம்பித்திருக்க வேண்டும். ஐம்பது வந்தது, அறுபது வந்தது, ஒன்றும் ஆகவில்லை. எழுபதைத் தாண்டிய பிறகுதான் லேசான ஞாபகப் பிசகு. லோபேராவின் மாணவியாக இருந்து பாஸ்டனுக்குப் போன யாக்கெல் கிரோஸும் மற்றவர்களும் அவரை வரவழைத்து ஸ்கேன் செய்தார்கள். மூளை நிறைய அமிலாய்டு. ஆனால் செல்களைச் சாகடிப்பதோடு நெருங்கிய தொடர்புள்ள டௌ என்ற இன்னொரு புரதத்தின் சிக்கல் ரொம்பக் குறைவு. காரணம், அவருக்கு இன்னொரு அபூர்வமான ஜீன் மாற்றம், அப்பா வழியில் ஒன்றும் அம்மா வழியில் ஒன்றுமாக இரட்டையாக வந்து வாய்த்திருந்தது. முதலில் அதைக் கண்டுபிடித்த நியூஸிலாந்து நகரத்தின் பெயரால் கிறைஸ்ட்சர்ச் என்கிறார்கள். அது இருப்பது, வாட்ஸன் மறைக்கச் சொன்ன அதே அப்போ-ஈயில்தான். 2019-ல் இந்தச் செய்தி வெளிவந்து உலகமே பரபரத்தது. 2020-ல், 77 வயசில், தோலில் வந்த புற்றுநோயால் அந்த அம்மாள் இறந்தார். மூளையைக் கொடுத்துவிட்டுப் போனார். 2023-ல் இன்னொருவரைப் பற்றி எழுதினார்கள். அவர் 67 வயசு வரை தாங்கியவர், அவருக்கு வேறு ஒரு ஜீன் காவல். 2024-ல், கிறைஸ்ட்சர்ச் ஒற்றைப் பிரதி மட்டும் உள்ள 27 உறவினர்களைப் பார்த்ததில், அவர்களுக்கு வியாதி நாலைந்து வருஷம் தள்ளிப்போயிருந்தது.

யோசித்துப் பாருங்கள். 1995-க்கு அப்புறம் ஒரு நாள் இந்த அம்மாளைக் கூப்பிட்டு, 'உங்களுக்கு இருக்கிறது' என்று சொல்லியிருந்தால்? ரத்தப் பரிசோதனை தப்பே இல்லை. நூற்றுக்கு நூறு சரி. சொன்ன சேதி பொய்யாகப் போயிருக்கும். சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடும்போதெல்லாம் 'ஆரம்பிச்சிடுச்சு' என்று கால் நூற்றாண்டு பயந்து செத்திருப்பார். தெரிந்தவருக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரிந்தவருக்கே தெரியாது. லோபேராவின் மௌனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது. அந்த மௌனத்தை அவர் தொடங்கியபோது இந்தச் சாட்சி அவர் கையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். மருந்தே இல்லாத, எடுத்துச் சொல்ல ஆளே இல்லாத 1990-களில் அவர் வாயை மூடிக்கொண்டது சரி. நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன், செய்தும் இருக்கிறேன். ஆனால் ஒரு கட்டத்தில் அமெரிக்காவிலிருந்து பணமும் கம்பெனிகளும் ஸ்கேன் மெஷின்களும் வந்து சேர்ந்தன. அவ்வளவுக்கும் வழி பிறந்தபோது, கேட்கிறவர்களை உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்ல நாலு பேரைத் தயார் செய்வதற்கும் வழி பிறந்திருக்க வேண்டும். அடுத்தவர் நல்லதுக்காக நாம் காக்கிற ரகசியத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. அது தாண்டினால் நமக்குச் சௌகரியமாகிவிடுகிறது. சொல்லாமல் இருப்பது ஆய்வுக்கும் சௌகரியம்தான். லோபேராவைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், வேட்டிக்கு அடியில் இருந்த அந்த ரிப்போர்ட்தான்.

அந்தப் பணம் வந்த கதையைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

2013-ல் அந்த வம்சத்தாரிடம் ஒரு பெரிய மருந்துப் பரிசோதனை ஆரம்பித்தார்கள். 10 கோடி டாலர் திட்டம். வியாதி வந்த பிறகு வைத்தியம் பார்ப்பதை விட்டு, வருவதற்கு முன்பே கொடுத்துப் பார்ப்போம் என்பது யோசனை. மருந்தின் பெயர் க்ரெனெஸுமாப். அமெரிக்காவின் பேனர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எரிக் ரைமனும் அவரோடு சேர்ந்தவர்களும் லோபேராவும் சேர்ந்து நடத்தியது. 252 பேர் சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு சங்கடம். ஜீன் உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், 'உன்னைச் சேர்த்துக்கொண்டோம்' என்று சொல்வதே 'உனக்கு இருக்கிறது' என்று சொல்வதாகிவிடும். எப்படி மறைப்பது? ஜீன் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 252-ல் சுமார் மூன்றில் ஒரு பங்கு, 80 பேருக்கு மேல், வியாதி வரவே போவதில்லை என்பவர்கள். அவர்கள் எல்லோருக்கும் வெறும் ஊசி. மருந்தில்லாத போலி ஊசி. ஜீன் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே போலி ஊசி. தான் யார், தன் ஊசி எது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, இல்லையென்றால் மாதத்துக்கு ஒரு தடவை டிரிப். குறைந்தது ஐந்து வருஷம், சிலருக்கு எட்டு வருஷம். நடுவில் கோவிட் வந்து போயிற்று. கடைசி வரை நின்றவர்கள் நூற்றுக்கு 94 பேர்! மருந்துப் பரிசோதனைகளில் இப்படி ஒரு எண்ணிக்கையைப் பார்ப்பது அபூர்வம்.

2022 ஜூனில் முடிவு வந்தது. மருந்து பலன் தரவில்லை. சில அளவுகள் மருந்துப் பக்கம் லேசாகச் சாய்ந்தன, ஆனால் நம்பிச் சொல்கிற அளவுக்கு இல்லை. பிறகு 2023-ல் லெகனமாப் என்று வேறு ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது. அது அமிலாய்டைத் துடைக்கிறது, ஆரம்பக் கட்டத்தில் மறதியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அங்கே அது கடைக்கு வந்தபோது வருஷத்துக்கு விலை 26,500 டாலர். ஆன்டியோக்கியா மலையில் மாடு வளர்க்கிறவர், உருளைக்கிழங்கு போடுகிறவர் என்ன செய்வார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கத்திரி பற்றியும், 28 வயசில் படிய ஆரம்பிக்கும் அமிலாய்டு பற்றியும் உலகத்துக்குத் தெரிந்ததில் அவர்களுடைய ரத்தமும் மூளையும் கலந்திருக்கிறது. இந்தக் கடனை எந்த லெட்ஜரில், யார் பேரில் எழுதுவது என்று எனக்குச் சொல்லித் தரவில்லை.

லோபேரா 2024-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் தோலில் வந்த புற்றுநோய்தான், அந்த அம்மாளைப் போலவே. அவருடைய ஆராய்ச்சிக் குழு இருக்கிறது, மூளை வங்கி இருக்கிறது, வேலை நடக்கிறது.

எனக்கு அந்த 80 சொச்சம் பேர் நினைப்புதான். ஒரு பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. அண்ணனும் தங்கையும் ஒரே நாளில் ஊசிக்கு வந்திருப்பார்கள், அப்படி எத்தனையோ ஜோடி இருந்திருக்கும். இரண்டு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வியாதி வரப்போவதில்லை. ஊசியிலும் ஒன்றுமில்லை. இன்னொருவரின் ரகசியம் வெளியில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, வருஷக் கணக்கில் வந்து குத்திக்கொண்டு போகிறார். அது தான்தான் என்பது அவருக்கே தெரியாது. சாயங்காலம் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மலை ஏறியிருப்பார்கள். வழியில் என்ன பேசியிருப்பார்கள்?